தகப்பன் பெயரில் படைக்குப் போனவர்

எங்கள் வீட்டில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன என்பதில் தபால்காரருக்கு இன்னமும் தெளிவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் என் அப்பாவின் பெயர் இருக்கும். மனைவிக்கு வருபவற்றில் என் பெயர் இருக்கும். மகளுக்கும், கல்யாணம் முடித்துப் போகும்வரை, என் பெயர்தான். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டு, பின்னால் தன் பெயரை எழுதினால் ஆள் முடிந்தது. ஹீத்ரோவில் நான் வந்திறங்கிய அன்று மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு அந்த ஒற்றை எழுத்து போதவில்லை. அதை விரித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அதைத் தூக்கிப் பின்னால் வைத்து, இதுதான் உன் குடும்பப் பெயர் என்று கையில் தந்துவிட்டார். அன்று தொடக்கம் இந்த நாட்டின் வங்கியும் வைத்தியசாலையும் வரி இலாகாவும் என் அப்பாவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. அவர் பருத்தித்துறைக் கடலைத் தாண்டாமலே செத்துப்போனவர்.

நான் வேலை பார்த்தது ஒரு கவுன்சிலில், வாடகை உதவிப் பிரிவின் மேன்முறையீட்டுப் பகுதியில். ஒரு மனுவை எப்படி நிராகரிப்பது என்பதை அரசாங்கச் செலவில் கற்றவன். அந்த அறிவை ஓய்வுபெற்ற பிறகு எதிர்ப்பக்கத்துக்கு இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வெம்பிளியில் உள்ள எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு, "இந்த இரண்டு பெயரிலும் இருப்பவர் ஒரே ஆள்தான்" என்று சத்தியக்கடதாசி எழுதிக் கொடுத்தவன் நான். கடவுச்சீட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் இன்னொன்று. எல்லோரையும் ஒரே ஆளாக்கி அனுப்பியிருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குக் கர்வம் உண்டு. அடக்கத்தை நான் வேலைக்காலத்திலேயே செலவழித்து முடித்துவிட்டேன்.

மகள் கல்யாணம் செய்தது அமெரிக்காவில் ஒஹாயோவிலிருந்து வந்த பையனை. அவனுடைய தாய், எங்கள் சம்பந்தி, ஓய்வுபெற்ற நர்ஸ், கணவரை இழந்தவர். கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் நேரத்தில் அவர் என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, மிகவும் நாசூக்காக, உங்கள் மகள் உங்கள் கணவருடைய சொந்தப் பிள்ளைதானா என்று கேட்டிருக்கிறார். ஒரே வீட்டில் ஆளுக்கொரு பெயரைப் பார்த்தால் வேறு என்னதான் நினைப்பது? மனைவி சிரித்த சிரிப்பு சமையலறையைத் தாண்டிக் கேட்டது. நான் போய், தகப்பன் பெயர் வழக்கத்தை விளக்கினேன். அன்றிலிருந்து அவர் எங்களோடு ஒட்டிக்கொண்டார். ஒவ்வொரு கோடைக்கும் மகன் வீட்டுக்கு வந்தால், ஒரு கிழமையாவது எங்கள் வீட்டில் நிற்பார். இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுக் கையால் சாப்பிடப் பழகியும்விட்டார்.

அப்படி வந்து நின்ற ஒரு கோடையில்தான் அந்தக் கல்லறையைப் பற்றிச் சொன்னார். ஒஹாயோவில் ஒரு சின்னத் தேவாலயம். அதன் பின்னால், ஒரு வால்நட் மரத்தடியில், அவருடைய தாய் வழி மூதாதை ஒருவர் கிடக்கிறார். ஆங்கிலேய அரசரை எதிர்த்து நடந்த சுதந்திரப் போரில் சிப்பாயாக நின்றவர் என்று குடும்பத்தில் கதை. அவருக்குக் கல் இல்லை. இடத்தைத் தாய் மகளுக்குக் காட்டி, அந்த மகள் தன் மகளுக்குக் காட்டி, இப்போது அது தெரிந்த ஒரே ஆள் எங்கள் சம்பந்தி. பழைய சிப்பாய் என்று நிறுவினால் அரசாங்கமே ஒரு கல்லைச் செதுக்கித் தரும். அவருடைய தாய் கேட்டுப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். பெரியம்மா கேட்டும் மறுத்துவிட்டார்கள். இப்போது அந்தத் தேவாலயத்தில் வழிபட ஆள் இல்லை. நிலம் கைமாறப் போகிறது. வாங்குபவர்கள் கல் உள்ள கல்லறைகளைச் சுற்றி வேலி போட்டுவிட்டு, மிச்சத்தை வாகனம் நிறுத்தத் தட்டையாக்குவார்களாம். மரம் வேலிக்கு வெளியே. அவரும் மனுப் போட்டிருந்தார். மூன்றாவது மறுப்பு அந்த வாரம்தான் வந்திருந்தது.

கல் இல்லாமல் கிடக்கும் சிப்பாய்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. இருந்த கல்லைப் பிடுங்கி எறிந்த இடங்களும் உண்டு. அதைப் பற்றி நான் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுப்புக் கடிதத்தைக் காட்டச் சொன்னேன்.

நல்ல கடிதம். எழுதியவர் தொழில் தெரிந்தவர். வாசிக்கும்போதே மரியாதை வந்தது. அவருடைய வாதம் இது. நீங்கள் சொல்லும் பெயரில், அந்தக் குடும்பப் பெயரோடு, படைப்பிரிவின் பெயர்ப்பட்டியலில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். ஆனால் அவர் போருக்குப் பிறகு ஹட்சன் ஆற்றங்கரையை விட்டு நகரவே இல்லை. அங்கேயே செத்து அங்கேயே புதைக்கப்பட்டார். ஆகவே உங்கள் ஒஹாயோ ஆள் அவருடைய பெயரைக் கொண்ட ஓர் ஒன்றுவிட்ட சகோதரர். உறவு உண்மை, படைச்சேவை இல்லை. கையொப்பம்.

மறுக்க ஒன்றும் இல்லாதது போலத் தெரிகிற கடிதம்தான் எனக்குப் பிடித்தமானது. நான் இந்த வேலையை எடுக்கிறேன் என்று சொன்னேன். அரசரின் அரசாங்கம் தரும் ஓய்வூதியத்தில் சாப்பிட்டுக்கொண்டு, அரசரைச் சுட்டவனுக்காக வேலை செய்வதில் சட்டச்சிக்கல் எதுவும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

சம்பந்தியின் தாய் வழி ஆட்கள் ஆதியில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர். ஒல்லாந்தர் எங்கள் ஊரில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவர்களுடைய ஆட்கள் ஹட்சன் ஆற்றங்கரையில் ஆப்பிள் மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த நிலம் ஆங்கிலேயர் கைக்குப் போனது, எங்களுடையதும் போனது. ஆகவே அவர்களை எனக்குத் தூரத்துப் பழக்கம் உண்டு என்றே சொல்லலாம். போர் முடிந்ததும் எங்கள் ஆள் மனைவி பிள்ளைகளோடு மேற்கே நகர்ந்தார். முதலில் மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு, பிறகு ஏரிகள் உள்ள பகுதி, கடைசியில் ஒஹாயோ. ஒவ்வொரு இடத்திலும் காடு வெட்டி, நிலம் கொத்தி, அது விளையத் தொடங்கியதும் விற்றுவிட்டு எழும்பிப் போயிருக்கிறார்கள். யாழ்ப்பாணம், கொழும்பு, ஜெர்மனி, லண்டன் என்று வந்த எங்களுக்கு இதில் விளங்காத பகுதி எதுவும் இல்லை. அவர்கள் மாட்டு வண்டியில் போனார்கள் என்பதுதான் வித்தியாசம்.

நூலகத்துக் கணினியில் அந்தப் பெயர்ப்பட்டியலின் படங்கள் இருந்தன. அதே குடும்பப் பெயரோடு இன்னொரு வரி கண்ணில் பட்டது. முன்னால் ஓர் ஒற்றை எழுத்து, பின்னால் குடும்பப் பெயர். அந்த எழுத்து எங்கள் ஆளின் தகப்பனுடைய பெயரின் முதல் எழுத்து. எனக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தகப்பனின் எழுத்து முன்னால் நிற்கிறது. அப்படியென்றால் இவர் அந்தத் தகப்பனின் மகன். இருக்கையைப் பின்னால் தள்ளி எழும்பினேன். அன்றே எழுதத் தொடங்கி, ஒரு மேன்முறையீட்டு மன்றத்தையே தலைகுனிய வைக்கும் தரத்தில் ஒரு சமர்ப்பணம் தயாரித்து, சம்பந்தியின் கையொப்பத்தோடு அனுப்பினேன்.

பதில் மிகவும் மரியாதையாக வந்தது. அமெரிக்காவில் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து அந்த மனிதருடைய சொந்தப் பெயரின் எழுத்து என்று அதில் இருந்தது. நான் கண்டுபிடித்த சிப்பாய் வேறு பெயரைக் கொண்ட வேறு ஓர் ஒன்றுவிட்ட சகோதரர்.

தகப்பன் எழுத்தின் இலக்கணத்தைப் பிரித்தானிய அரசுக்குக் காலமெல்லாம் விளக்கிய நான், அதை அப்படியே கொண்டுபோய் ஓர் ஒல்லாந்த விவசாயியின் தலையில் கட்டியிருக்கிறேன். எந்த வெள்ளைக்காரனும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான். மனைவி கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் ஓய்வுபெற்ற மருந்தாளர். என் எழுத்தில் பிழை பிடிப்பது அவளுக்குப் பழைய பொழுதுபோக்கு.

"உங்கட சொந்தப் பூட்டன்ர பேர் தெரியுமோ உங்களுக்கு?"

தெரியாது என்றேன்.

"பிறகென்ன, ஆரின்ரயோ பூட்டனைக் கொண்டுபோய் மாறி ஆருக்கோ மகனாக்கினா இப்பிடித்தான்."

சம்பந்தி கோபிக்கவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. ஒஹாயோவிலிருந்து தொலைபேசியில் பேசினார். பரவாயில்லை, அம்மாவுக்கும் இதேதான் நடந்தது என்றார். நிலத்தை அளப்பதற்கு ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள் என்பதையும் சொன்னார்.

அடுத்த கோடையில் வந்தபோது அவருடைய கையில் ஊன்றுகோல் இருந்தது. கல்லறை பற்றி நான் பேச்சை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. ஒரு பின்னேரம் வாசலில் மணி அடித்தது. நான் மாடியில் நின்றதால் அவரே போய்க் கதவைத் திறந்தார். பார்சல் கொண்டுவந்தவன் என் அப்பாவின் பெயரைச் சொல்லி, இருக்கிறாரா என்று கேட்டான். சம்பந்தி படியடிக்கு வந்து மேலே பார்த்து, "உங்கள் அப்பாவுக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறது. கீழே வரச் சொல்லட்டுமா, அல்லது நீங்களே வாங்குகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பகிடிதான்.

நான் இறங்கி வந்து, அப்பாவுக்காகக் கையொப்பம் போட்டு, பார்சலை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். பிரஷர் குக்கருக்கு வாங்கிய ரப்பர் வளையம். அதைக் கையில் பிடித்தபடி ஹீத்ரோ மேசையை நினைத்தேன். பிறகு இன்னொரு மேசையை நினைத்தேன். ஆற்றங்கரையில், ஏதோ ஒரு களஞ்சியத்துக்குள், படைக்கு ஆள் எழுதுகிறவனின் மேசை. அதன் முன்னால் ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் கொண்ட இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். ஒருவனை எழுதியாயிற்று. மற்றவனையும் அப்படியே எழுதினால் சம்பளம் கொடுக்கும்போது அடிபிடி வரும். எழுதுகிறவன் என்ன கேட்பான்? எங்கள் ஊரில் எவரும் கேட்பதைத்தான் கேட்பான். நீ யாருடைய மகன்?

தகப்பன் பெயர் பட்டியலில் இருக்கத்தான் செய்யும். நான் அதை முன்னால் தேடினேன். அது பின்னால் நின்றிருக்கும்.

மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்து பட்டியலைத் திரும்பத் திறந்தோம். அதே சொந்தப் பெயர், பின்னால் எங்கள் ஆளின் தகப்பன் பெயர், குடும்பப் பெயர் இல்லை. அப்படி ஒரு சிப்பாய் இருந்தார். அவர் எந்தக் குடும்பம் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாத அனாதையாக அந்த வரியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கீழே அதே தகப்பன் பெயரோடு இன்னொருவர். அந்தச் சொந்தப் பெயர் எங்கள் ஆளின் தம்பியுடையது. ஒஹாயோ வரை ஒவ்வொரு ஊரிலும் பக்கத்துக் காணியில் இருந்தவர் அந்தத் தம்பி.

எனக்கு அப்போதே பேனாவை எடுக்கக் கை துறுதுறுத்தது. ஆனால் ஒருமுறை சூடுபட்டவன். பெயர் ஒற்றுமை எவருக்கும் வரலாம் என்று அந்தக் கடிதக்காரர் எழுதுவார்; நானாக இருந்தால் நானும் அதைத்தான் எழுதுவேன். மனைவி இதற்குள் ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த அவர்களுடைய பழைய தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவின் பிரதியைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தாள். ஒல்லாந்தர் அதில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தார்கள். பிள்ளையின் தாயை அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதினார்கள். சாட்சிக்கு நின்ற சொந்தக்காரரையும் எழுதினார்கள். மனைவி கல்யாணத்துக்குச் சம்பந்தம் பார்ப்பது போல விரலால் ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டு போனாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேர் ஏனெண்டா, அப்பப்பாவின்ர பேரை ரெண்டு மகன்மாரும் தங்கட மூத்ததுக்கு வைச்சிருக்கினம். எங்கட ஆக்கள் மாதிரித்தான்." பிறகு விரல் ஓரிடத்தில் நின்றது. "இஞ்சருங்கோ, அந்தப் படைக்குக் கப்டன் ஆர் எண்டு சொன்னனீங்கள்?"

சொன்னேன்.

"அவர்தானே இஞ்சை சாட்சிக்கு நிக்கிறார். தாய்க்கும் அதே வீட்டுப் பேர். அவர் தாய்மாமன் எல்லோ. தாய்மாமன் படை சேர்க்கேக்க மருமக்கள் வேற ஆரிட்டப் போவினம்?"

மாமனுக்கு அந்தக் குடும்பத்தின் மற்றக் கிளைகளோடு என்ன வேலை? அவருக்கு இவர்கள் மச்சானின் பிள்ளைகள். மச்சானின் பெயரைச் சொல்லி, அவன்ர பெடியள் என்று சொல்லியிருப்பார். பட்டியல் எழுதியவன் அப்படியே எழுதிக்கொண்டான். சம்பந்திக்கு இதை ஆங்கிலத்தில் விளக்கினேன். தாய்மாமன் என்பதற்கு அந்த மொழியில் உள்ள சொல் எவ்வளவு மெலிந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஊன்றுகோலை மேசையில் சாய்த்து வைத்து, பதிவை முதலிலிருந்து தானே ஒருமுறை வாசித்தார்.

சமர்ப்பணத்தை இம்முறை அவசரப்படாமல் எழுதினேன். மறுப்பில் சொன்ன காரணத்தை மட்டும் உடைக்க வேண்டும். சொல்லாத காரணத்தை நாமாக நினைவூட்டக்கூடாது. இது வேலையில் படித்த பாடம். இரண்டு பெயரிலும் இருப்பவர் ஒரே ஆள்தான் என்பதற்கு நான் எழுதியவற்றில் இதுதான் ஆகப் பழைய ஆளுக்கு எழுதியது. சம்பந்தி மூதாதையின் வீரத்தைப் பற்றி இரண்டு பக்கம் சேர்க்க விரும்பினார். வீரத்தை அவர்கள் கேட்கவில்லை, ஆளைத்தான் கேட்கிறார்கள் என்று வெட்டிவிட்டேன். அதோடு, வெட்டுவதற்கு அதில் அதிகம் இருக்கவும் இல்லை. பெரிய சண்டை எதிலும் அவர் நின்றதாகத் தெரியவில்லை. ஆற்றோரக் கோட்டையில் காவல் நின்றிருக்கிறார்; மரம் தறித்திருக்கிறார்; பனியில் வண்டி தள்ளியிருக்கிறார்.

இது சின்னச் சேவைதானே என்று சம்பந்தி மெதுவாகக் கேட்டார். நான் பட்டியல்களை வரிசையாகத் திறந்து காட்டினேன். அந்தக் குளிர்காலத்தில் கூடாரத்துக்குக் கூடாரம் ஆட்கள் ஓடிப்போனார்கள். ஓடியவர்களுக்கு நேரே அது எழுதப்பட்டிருந்தது. இவருக்கு நேரே ஒவ்வொரு முறையும் ஒரே சொல்தான். சமுகம்; வந்து நிற்கிறார் என்று பொருள். பெயர் வாசித்தபோதெல்லாம் அந்த மனிதர் அங்கே நின்றிருக்கிறார். நான் அலுவலகத்தில் எத்தனையோ பேருடைய வரவைப் பார்த்திருக்கிறேன். இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் எனக்குத் தெரியாது. அதை அவரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் மாரியில் வந்தது. சம்பந்தி ஒஹாயோவிலிருந்து கைபேசித் திரையில் தோன்றி, கடிதத்தைக் கமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். பழைய கடிதக்காரரேதான் எழுதியிருந்தார். தாய்மாமன் பகுதியைத் தனியே குறிப்பிட்டு, இந்த வாதத்தைத் தாம் இதற்கு முன் கண்டதில்லை என்று எழுதியிருந்தார். அதை நான் மனைவிக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது தரம் அவள் எழும்பிப் போய்விட்டாள்.

ஆனால் கடிதத்தின் அடியில் ஒரு விதி இருந்தது. படையில் எந்தப் பெயரில் நின்றாரோ அந்தப் பெயரில்தான் கல் செதுக்கப்படும். சொந்தப் பெயர், தகப்பன் பெயர். குடும்பப் பெயர் இல்லை. சம்பந்தியின் முகம் சுருங்கியது. இத்தனைக்கும் பிறகு, போகிறவர் வருகிறவர் எல்லாம் அதை யாரோ ஒரு பிறத்தியாரின் கல்லறை என்றுதானே நினைப்பார்கள் என்றார். விதி இருந்தால் விதிவிலக்கும் இருக்கும். அதற்கு எங்கே எழுத வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். குடும்பப் பெயரையும் போட அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்றேன். ஒரு வரியில் இவ்வளவு எழுத்துத்தான் கொள்ளும் என்று அவர்கள் சொன்னால், தகப்பன் பெயரை எடுத்துவிடச் சம்மதமா என்றும் கேட்டேன். கேட்டாக வேண்டிய கேள்வி.

சம்பந்தி கடிதத்தை மடித்து வைத்தார்.

"வேண்டாம்," என்றார். "அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவர் போனார். அதோடுதான் திரும்பி வந்தார். இடம் காணாவிட்டால் எங்கள் பெயரை விட்டுவிடுங்கள்."

இடம் காணும் என்று பதில் வந்தது.

வசந்தத்தில் கல்லை நட்டார்கள். வேலி அந்த மரத்தையும் உள்ளே எடுத்துக்கொண்டு ஒரு வளைவு வளைந்து போகிறது. இத்தனை காலமும் அது கதைதான் என்று சொன்ன உறவினர்கள் எல்லோரும் வந்து நின்றிருக்கிறார்கள். சம்பந்தி கல்லில் ஒரு கையும் ஊன்றுகோலில் ஒரு கையுமாக நிற்கும் படத்தை மருமகன் எனக்கு அனுப்பினான்.

அதை வெம்பிளியில் எவருக்கும் காட்டாமல் இருக்கும் அளவுக்கு நான் பண்பட்டவன் இல்லை. சனிக்கிழமை தேநீர்க் கடையில், ஊர்க்காரர் ஒருவர் வடையைப் பிய்த்தபடி கைபேசியை வாங்கிப் பார்த்தார். பக்கத்து ஊர், என்னைவிட இளையவர், அவருடைய இரண்டு பெயர்களையும் ஒன்றாக்கிக் கொடுத்தவனும் நான்தான்.

"ஆரண்ணை இது?"

"எங்கட சம்பந்தியின்ர பூட்டனுக்கும் பூட்டன். அமெரிக்கப் படையில நிண்டவர்."

"ஓ." அவர் வடையை மென்றுகொண்டு கல்லைத் திரும்பவும் பார்த்தார். எங்கள் ஆட்கள் எவரும் அடுத்ததாகக் கேட்பதைக் கேட்டார். "ஆரின்ர மகன்?"

நான் இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்து, நடுவில் இருந்த பெயரை அவருக்கு நேரே கொண்டுவந்தேன்.

"கல்லில கிடக்கு. வாசியும்."